லெவ்வைவெளி ஏழாம் குழியில் புல் முளைத்த விபரம்

சாய்ந்தமருது,
கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

கண்ணியத்துக்கும் அன்புக்கும் உரிய மச்சான் நளீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதுவது தங்கள் மூத்த சகோதரி றாஹிலா றாத்தாவின் கணவனும், ஓய்வுபெற்ற வட்டை விதானையும், தங்களுக்குச் சொந்தமான லெவ்வைவெளிப் பொதுக் கோல்ஃப் மைதானத்தின் செயலாளரும், காவல்காரனும், இந்தக் கிழமை முதல் அதன் ஒரே ஆட்டக்காரனுமாகிய பக்கீர் முகைதீன். வீட்டில் எல்லோரும் சுகம். தங்கள் றாத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்னோடு கதைப்பதும் குறைந்திருக்கிறது. தோஹா வெயிலில் தாங்களும், தாங்கள் தண்ணீர் காட்டிக் கத்தரித்துப் பராமரிக்கும் அந்தப் பெரிய மைதானத்துப் புல்லும் வாடாமல் இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம்.

தாங்கள் கேட்டபடி கோடைகாலச் செய்திமடலை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மாதிரிக்கு என்று தாங்கள் அனுப்பிய வெள்ளைக்காரர் ஊர் மைதானத்தின் மடலையும் கண்ணாடி போட்டு வாசித்தேன். மாலைநேரச் சலுகையாம், நாலு பேராக வருவோருக்குப் பகல் சாப்பாடாம், பெண்களுக்குத் தனிக் காலைநேரமாம், உடை ஒழுங்காம், எல்லாவற்றுக்கும் மேலே பச்சைப் பசேல் என்று ஒரு படமாம். இதுபோல ஒன்று எழுதுங்கள் மச்சான், பெருநாள் லீவில் ஊருக்கு வரும் கட்டார், சவூதிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றீர்கள். அது நியாயம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோடை முடிவதற்குள் லெவ்வைவெளி நாலு பேர் வந்துபோகும் இடமாக மாறாவிட்டால் காணியைக் கல்யாண மண்டபக்கார இன்ஸாபுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன், அவர் கிறவல் மண் போட்டு நிரப்பிக் கட்டிக்கொள்ளட்டும் என்றும் சொன்னீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் தங்கள் றாத்தா சிரிப்பா. சோறு இறங்குகிறது. நித்திரைதான் வருகுதில்லை.

ஏன் இந்த மனிசனுக்கு இவ்வளவு பிடிவாதம் என்று தாங்கள் நினைக்கலாம். வாய்க்கால் தண்ணீரைப் பங்கு போடுவதுதானே வட்டை விதானையின் வேலை. மாவடிப்பள்ளிப் பக்கம் நான் தண்ணீர் காட்டாத வயல் இல்லை. சண்டை பிடித்தவனுக்கும் காட்டினேன், சலாம் சொல்லாதவனுக்கும் காட்டினேன். சுனாமி வந்துபோன பிறகு தண்ணீர் காட்டியும் பிரயோசனமில்லாமற்போன ஒரே காணி என் மாமாவின், அதாவது தங்கள் வாப்பாவின் லெவ்வைவெளிதான். மூன்று போகம் விதைத்துப் பார்த்தார். மூன்று தரமும் பச்சையாக வந்து, கதிர் எறிந்து, கடைசியில் கையில் எடுத்தால் ஊதிப் பறக்கும் வெறும் பதர். நிலத்தில் உப்பு ஏறிவிட்டது என்று சொல்லி மண்வெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் சாத்தினவர், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. றாஹிலாவும் போகவில்லை. வாப்பா போகாத இடத்துக்கு நான் ஏன் போக என்பா. நான் மட்டும் கடமைக்குப் போய், அந்த மடையடிக்கு வந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன். அப்படிப்பட்ட காணியில், நெல் விளையாவிட்டால் என்ன, பந்து உருட்டலாம் மச்சான் என்று தாங்கள் சொன்ன அன்று எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோல்ஃப் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் அந்தக் காணியில் ஒரு டிப்பர் கிறவல்கூட விழ நான் விடமாட்டேன். இதைத் தாங்கள் செய்திமடலின் முதல் செய்தியாகப் போடலாம்.

இனிச் சலுகைகளின் விபரம். மாலைநேரச் சலுகையை அறிவித்தேன். அஸர் முதல் மஃரிப் வரை வருகிறவர்களுக்குப் பொல்லும் பந்தும் இலவசம். (கம்பு, மட்டை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் பிடிபடவில்லை. பொல்லு என்றதும் பிடித்துக்கொண்டார்கள்.) முதல் கிழமை நல்ல கூட்டம். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துப் பாங்கு சொல்லும். சொன்னதும் பொல்லைப் போட்டது போட்டபடி எல்லோரும் தொழப் போவார்கள். தொழுதுவிட்டு வந்தால் இருட்டு. பந்து எங்கே நின்றதென்று அடுத்தநாள் பஞ்சாயத்து. ஒருவர் தன் பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றது என்பார், மற்றவர் இல்லை, அது வாய்க்காலுக்குள் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன் என்பார், இரண்டு பேரும் தொழுதுவிட்டு வந்தவர்கள், யாரை நம்புவது? இதற்கிடையில் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. தெற்கே பார்த்து அடித்த பந்து கிழக்கே திரும்பிக் காரைதீவுப் பக்கம் போகிறது. காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்று என்னிடம் முறைப்பாடு செய்தவரும் உண்டு. காற்றுக்கு நான் விதானை இல்லையே மச்சான்.

சாப்பாட்டுச் சலுகைதான் பெரிய கதை. நாலு பேராகச் சேர்ந்து வந்தால் ஆட்டம் முடிந்து பகல் சாப்பாடு என்று மடலில் இருந்ததை அப்படியே எழுதிச் சந்தியில் ஒட்டினேன். சாப்பாடு என்று எழுதினால் நம்மட ஆட்கள் சஹன் என்றுதான் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் இருக்கிற ஊரில் நாலு பேருக்கு யார் தட்டு வைப்பார்? எல்லோரும் ஆறு ஆறு பேராக வந்து இறங்கினார்கள். நான் நாலு பேர்தான் விளையாடலாம் என்றேன். அப்படியானால் நாலு பேர் அடிக்கட்டும், நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்று சாப்பாட்டுக்குச் சேர்கிறோம் என்றார்கள். ஒழுங்கைக் கட்டிக்காக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்க, ஒரு சஹனுக்கு நாலு பேரை இருத்தி, மிச்ச இரண்டு பேரை எழுப்பிய பாவத்துக்கு என்னை நாளைக்கு மறுமையில் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு வயசாளி சத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன செய்ய? ஆறு பேராகவே விளையாடினார்கள். ஒரு குழியைச் சுற்றி ஆறு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்ற நிலையைத் தாங்கள் பார்த்திருந்தால், குழிக்குள் என்ன கறி என்று கேட்டிருப்பீர்கள்.

உடை ஒழுங்கில் நான் கொஞ்சம்தான் விட்டுக்கொடுத்தேன். மேலே கொலர் வைத்த சேட், கீழே சாரன். சாரனை மடித்துக் கட்டக்கூடாது என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் பொல்லைத் தோளுக்கு மேலே ஓங்கும்போது கட்டு நிற்பதில்லை. இது அனுபவத்தில் கண்டது, யாருடைய அனுபவம் என்று எழுதத் தேவையில்லை. பெண்களுக்கான காலைநேரத்தில் ஜெமீலா ரீச்சர் தலைமையில் சீனி வியாதிக்காரர் எல்லோரும் வருகிறார்கள். பொல்லைத் தொடுவதில்லை. ஒன்பது குழியையும் சுற்றி வேகமாக நடந்துவிட்டு, நல்ல இடம் விதானையார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தங்கள் றாத்தாவையும் வரச் சொல்லிப் பார்த்தேன். நடக்கிறதுக்கு இந்த ஊரில் ரோட்டு இல்லையா என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

இனி மாடு. கோடையில் சிறுபோகம் விதைத்ததும் பயிருள்ள வெளிகளிலிருந்து மாட்டை அகற்ற வேண்டும் என்பது சட்டம், நான் விதானையாக இருந்த காலத்தில் எத்தனை மாட்டைப் பிடித்துக் கட்டியிருப்பேன். அப்படி அகற்றின மாடெல்லாம் எங்கே போகும்? பயிரில்லாத வெளிக்குத்தான் போகும். சுற்றுவட்டாரத்தில் பயிரில்லாத வெளி லெவ்வைவெளி ஒன்றுதான். மாடு வளர்க்கிற சரீபாவின் பட்டி முழுவதும் இரண்டாம் குழியில் படுத்திருந்து அசைபோட்டது. குழியில் நட்டிருந்த கொடிச்சீலையைத் தின்றது. எடுத்துப்போகச் சொல்லி நான் ஆள் அனுப்ப, பயிர் நிக்கிற வெளி எண்டாச் சொல்லுங்க, இப்பவே சாய்ச்சிட்டுப் போறன், பந்து நிக்கிற வெளிக்கு எந்தச் சட்டத்தில இரிக்கி என்று அவ கேட்டனுப்பினா. நான் காலமெல்லாம் மாட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்ன சட்டத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். மச்சான், இந்த இடத்துக்கு மேல் தாங்கள், நீங்கள் என்று எழுதப் பேனா கனக்கிறது. இனி நீதான். மன்னித்துக்கொள்.

இப்ப உன்னுடைய பங்குக்கு வாறன். ஒன்பது குழியில் எட்டைச் சுற்றி மணலைப் பரப்பி, எண்ணெய் தெளித்து இறுக்கிவிடுங்கள், பாலைவனத்து ஊர்களில் அப்படித்தான், ஏழாவதை மட்டும் புல்லால் பச்சையாக்கி வையுங்கள், அதைப் படம் எடுத்து மடலில் போடலாம் என்று சொன்னவன் நீ. அந்தப் புல்லுக்கு விதை அனுப்பினவனும் நீ. எப்படி அனுப்பினாய்? ஊருக்கு வந்த ஒருவனின் பெட்டிக்குள், பேரீச்சம்பழத்துக்கும் அத்தர்ப் போத்தலுக்கும் நடுவில் ஒளித்து. அது விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. நிற்கத்தானே செய்யும்? பழமும் அத்தரும் வந்து சேர்ந்தன. உனக்கோ அவசரம். உன் சிநேகிதன் மெல்ரொய் வந்து மைதானத்தைப் பார்ப்பான், அவன் நல்லதாகச் சொன்னால் வைத்திருப்பேன், இல்லையென்றால் இன்ஸாபுக்குத்தான் என்று திகதியும் குறித்துவிட்டாய். மெல்ரொய் யாரென்று எனக்குத் தெரியும், கல்முனை மெதடிஸ்த கோயிலடிப் பிள்ளை, இப்போது கொழும்பில் பெரிய உத்தியோகம், கிழமைக்கு இரண்டுதரம் கோல்ஃப் அடிக்கிறவன். அவன் வந்து நிற்கும்போது ஏழாம் குழி வெடித்துப்போய்க் கிடந்தால் என்னாகும்? கொஞ்ச நாளில் பச்சை வேண்டும். மடைவாயில் இருக்கிற பள்ளம் அது. மேல்வயல்காரர் கழித்துவிடும் தண்ணீர் வந்து சேருகிற இடம். நீயே சொல்லு, ஒரு வட்டை விதானையிடம் பள்ளமான நிலத்தையும் தண்ணீரையும் கொடுத்து, சீக்கிரம் பச்சையாக்கு என்றால் அவன் என்னத்தை விதைப்பான்?

ஓம். நெல்தான் விதைத்தேன். ஊறவைத்து, முளைகட்டி, சேறு மிதித்து, மட்டப்பலகை போட்டு இழுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வீசினேன். நீ தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் புல் நல்லா வருகுது என்று நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நெல்லும் புல் சாதிதான், படித்தவர்களைக் கேட்டுப் பார். விரல் உயரத்துக்கு வந்ததும் வெட்டி வெட்டி வைத்துக்கொண்டால் உன் தோஹாப் புல்லுக்கு அப்பன் என்பதுதான் என் கணக்கு. அது பிழையான கணக்கும் இல்லை. முளைத்து வந்த பச்சையைப் பார்த்தால் கண் கூசும். ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். பிழைத்தது வேறு இடத்தில்.

புல் வெட்டும் இயந்திரத்தை யாகோப்பிடம் கொடுத்தேன். நம்மட மைதானத்தில் கூலிக்கு நிற்கிற பாண்டிருப்பு யாகோப்புதான். எந்த வேலை சொன்னாலும் மறுபேச்சு இல்லாதவன். கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்பினான், ஏழாம் குழி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான், வரம்பில் நின்றான், நிற்பாட்டினான்.

"நான் மாட்டன் விதானையார். புல்லெண்டாக் காட்டுங்க, வெட்டுறன். இது பயிர்."

பயிர் இல்லையடா, இது கோல்ஃப் புல், ஏழாம் கிறீன் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவன் இயந்திரத்தை என் கையில் தந்துவிட்டு, அப்ப நீங்க வெட்டுங்க, நான் அங்கால திரும்பி நிக்கிறன் என்றான். சொன்னபடி திரும்பியும் நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறி, நானே கிளப்பிக்கொண்டு போனேன். முன் சில்லு வரம்பைத் தாண்டிவிட்டது. பயிரின் நுனி வெட்டுகிற பிளேட்டுக்குக் கீழே ஆடுகிறது. நளீம், பிறர் பயிரை மாடு மேய்ந்தால் வழக்குப் போட்ட கை இது. உன்னுடைய புல்லை நீ எத்தனை வருஷமாக வெட்டுகிறாய், உனக்கு இது விளங்குமோ தெரியாது. பாலும் பிடிக்காத பச்சைப் பயிரில் பிளேட்டு வைக்க என் கை போகவில்லை. சில்லைப் பின்னுக்கு எடுத்துவிட்டேன். ரோட்டில் நின்று பார்த்த சனம் எல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்றது. அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்றிலிருந்து ஆட்டம் படுத்துவிட்டது. ஆறாம் குழி வரைக்கும் நன்றாக அடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஏழாம் குழிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, வரம்பால் சுற்றிப் போய் எட்டாம் குழியில்தான் திரும்ப அணிந்துகொள்கிறார்கள். பந்து பயிருக்குள் விழுந்தால் யாரும் இறங்கி எடுப்பதில்லை. இறங்கி எடுக்கச் சொன்னால், பயிரை மிதிக்கச் சொல்லுறீங்களா என்று என்னைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். பொல்லோடு வந்தவர்கள் எல்லாம் கடைசியில் வரம்பில் குந்தி இருந்து, தண்ணீர் கூடிப்போச்சு, கொஞ்சம் வடியவிடுங்க, அந்த மூலையில பசளை காணாது என்று எனக்கு வேளாண்மை படிப்பிக்கத் தொடங்கினார்கள். எனக்கு. நடுவில் நிற்கிற கொடி வெருளிக்கு நல்லம், குருவி கிட்ட வராது என்று பாராட்டியவரும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் மெல்ரொய் வந்தான். வெள்ளைச் சப்பாத்து, கையுறை, சக்கரம் வைத்த பையில் பத்துப் பதினைந்து பொல்லு. ஆறு குழியையும் வரிசையாக அடித்துக்கொண்டு வந்தான். ஏழாம் குழிக்கு அடித்த அடி இருக்கிறதே, காற்றை முன்கூட்டியே கணக்குப் பண்ணி அடித்தான் போல, பந்து மேலே போய் வளைந்து நேராகக் கொடிக்குப் பக்கத்தில் பயிருக்குள் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது அந்தச் சப்பாத்தோடு இறங்கி நடக்கப் போகிறான், நான் தடுத்தால் மைதானம் போய்விடும், தடுக்காவிட்டால் பயிர் போய்விடும். கண்ணைத் திறந்து பார்க்கிறேன், வரம்பில் குந்தி இருந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கிறான். அவிழ்த்துவிட்டும் இறங்கவில்லை. கையை நீட்டி ஒரு தாளைத் தடவிப் பார்த்தான். பிறகு, இது எத்தனை மாத நெல் விதானையார் என்று கேட்டான். அவனும் கல்முனைப் பிள்ளைதானே. நான் சொன்னேன். அவன் பொல்லைப் பைக்குள் வைத்துவிட்டான்.

"அப்ப ரெண்டாம் அடியை அறுவடைக்குப் பொறகு வந்து அடிக்கிறன்."

உன்னிடம் என்ன சொன்னானோ தெரியாது. ஒரு பந்து இன்னும் உள்ளே கிடக்கிறது என்று சொல்லியிருந்தால் அது மெய்தான்.

மெல்ரொய் போனதும் இன்ஸாப் வந்தார். வாசனை பிடித்த மாதிரி வருவார் மனிசன். பின்னாலேயே ஒரு டிப்பர் நிறையக் கிறவல், சும்மா மாதிரிக்கு ஒரு லோட் கொட்டிப் பார்ப்போமே என்றார். நான் கேற்றடியில் உன்னுடைய பெரிய இரும்புப் பொல்லோடு நின்றேன். அடிக்கிற எண்ணம் இல்லை, அடித்தாலும் காற்றுக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது டிப்பர்க்காரனுக்குத் தெரியாதே. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இன்ஸாப் போகவில்லை. மெதுவாக ஏழாம் குழி வரைக்கும் நடந்துபோய்ப் பயிரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கட மாமாக்கும் இப்பிடித்தானே பச்சையா வந்த. கடைசில என்னத்த அறுத்தாரு?"

நளீம், எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டி ஓங்கியவர்களும் உண்டு. அதெல்லாம் தோளோடு போனது. இது நெஞ்சில் போய் நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. மாமாவின் பயிரும் இப்படித்தான் வந்தது. கதிர் வருமட்டும் ஊரே புகழ்ந்தது. பிறகு ஒரு நாள் றாஹிலா வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள், அவர் பதரைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை நான் கேட்டிருக்கிறேன். இரண்டாந்தரம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். இது வயல் இல்லை, கோல்ஃப் மைதானம். பயிர் கதிராகி, கதிர் பதராகி, அதைப் பார்த்து இன்ஸாப் சிரிக்கவும் உன் றாத்தா அழவும் நான் வைத்திருக்கமாட்டேன். நாளைக் காலை சுபஹு தொழுத கையோடு இயந்திரத்தை நானே தள்ளிக்கொண்டு போய், ரோட்டில் ஊரே நின்று பார்த்தாலும், யாகோப்பு கிழக்கே திரும்பி நின்றாலும் மேற்கே திரும்பி நின்றாலும், ஏழாம் குழியை விரல் உயரத்துக்கு வெட்டி முடிப்பேன். படம் எடுத்து அனுப்புவேன். நீ அதை மடலின் மேலே போடு. கீழே இப்படி எழுது: லெவ்வைவெளிப் பொதுக் கோல்ஃப் மைதானம் இந்தக் கோடை முழுவதும் திறந்திருக்கும், ஆறு பேராக வரலாம், மஃரிபுக்கு முன் பந்தின் இடத்தைச் செயலாளரிடம் காட்டிவிட்டுப் போகவும். இந்த முடிவில் மாற்றம் இல்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் முதலாளிக்கு நல்ல மனசையும், எனக்கு நாளைக் காலையில் உறுதியான கையையும் தருவானாக. மைத்துனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம்.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
உன் மச்சான்,
பக்கீர் முகைதீன்,
செயலாளர்.

பி.கு.: இந்தக் கடிதம் மேலே போட்டிருக்கிற வெள்ளிக்கிழமை எழுதியதுதான். உன் றாத்தாவிடம் கொடுத்து, தோஹாவுக்குப் போகிற றிஸ்கானிடம் சேர்த்துவிடச் சொன்னேன். வாசித்துப் பார்த்தா. வெட்டிட்டு வாங்க, பொறகு குடுத்தனுப்புவம் என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டா. றிஸ்கான் போய்விட்டான். கடிதம் அங்கேயே கிடந்தது, ஏனென்றால் நான் வெட்டவில்லை. முதல்நாள் பெற்றோல் இல்லை. அடுத்தநாள் கயிற்றைக் காணவில்லை, யாகோப்பு எங்கோ வைத்துவிட்டான். அதற்குப் பிறகு காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் இன்ஸாப், நீ கையெழுத்துப் போடுவாய் என்ற நம்பிக்கையில் காணி நிரப்ப அனுமதி கேட்டு எழுதிப் போட, வயல் காணிகளுக்குப் பொறுப்பான கமநல உத்தியோகத்தர் பார்க்க வந்தார். ஏழாம் குழியடியில் நின்று, நெல் நிக்கிற காணி, கிறவல் போட ஏலா என்று சொல்லிவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சந்தோஷத்தில் குரும்பை வெட்டி இளநீர் கொடுத்தேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துவிட்டு, நெல் நிக்கிற காணியில பந்தடிக்கவும் ஏலா விதானையார் என்றார். ஆகவே மேலே எழுதிய சலுகைகள் யாவும் இரத்து. மீதி எட்டுக் குழியின் மணலையும் அள்ளச் சொல்லிவிட்டேன், பெரும்போக மழைக்கு முன் உழ வேண்டும். கொடிகளை மட்டும் விட்டிருக்கிறேன், குருவிக்கு நல்லம். சரீபாவுக்கும் சட்டத்தைச் சொல்லி அனுப்பினேன், மாட்டைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டா. மெல்ரொயிடம் சொல்லு, அவனுடைய பந்துக்கு நான் பொறுப்பு.

நேற்று அஸருக்குப் பிறகு நான் வரம்பில் நிற்கிறேன், பின்னால் யாரோ வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் றாத்தா. கையில் தேத்தண்ணி. செருப்பைக் கழற்றிவிட்டு வரம்பால் நடந்து வந்து, தலை சாய்ந்து நின்ற ஒரு கதிரைப் பிடித்தா. வேண்டாம் றாஹிலா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டா. கடித்தவ அப்படியே நின்றா. உள்ளே அரிசியா பதரா என்று கேட்க எனக்குப் பயம். பிறகு இன்னொன்றை எடுத்து நகத்தால் நசுக்கி என் கையில் வைத்தா. வெள்ளையாகப் பால் நளீம். எத்தனை மாரி மழை அந்த நிலத்தைக் கழுவி விட்டதோ தெரியாது, மாமா மண்வெட்டியைச் சாத்தின பிறகு நம்மில் ஒருவரும் விதைத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வரம்பில் குந்தி இருந்து அழுதோம். யாகோப்பு அங்கால திரும்பி நின்றான்.

எழும்பி வரும்போது உன் றாத்தா சொன்னா, "அந்தக் கடிதத்த இனிக் குடுத்தனுப்புங்க. வாப்பாட வெளியில உப்பில்ல எண்டு தம்பிக்கு எழுதுங்க." எழுதிவிட்டேன்.